பக்கம் இரண்டு

டொக்யாட் வீதி, மாடிப்படி ஏறினால் இடதுபுறம்
பல் டொக்டரின் அறை.
நான் அங்கே பெயர் எழுதுகிறவள், துண்டு கொடுக்கிறவள்,
கசெற்றைப் புரட்டிப் போடுகிறவள்.
இருபத்தேழு வருஷம், ஒரே கசெற்.

அட்டையில் எந்த நாட்டினதோ ஒரு ஏரி, ஓரத்தில் படகு.
வெயில் முதலில் சிவப்பைத் தின்றது, பிறகு மஞ்சளை.
இப்போது எல்லாமே நீலம்.
கொட்டியாரக் குடாவா இது என்று கேட்கிறார்கள்.

அறுபது வயலினாவது இருக்கும் என்பார்
டொக்டர் கதிர்காமத்தம்பி, எண்ணிப் பார்த்தவர் போல.
பாட்டு அவருக்கு ஆகாது.
பாட்டில் வார்த்தை இருக்கும்,
வார்த்தை இருந்தால் கை அதன் பின்னால் போகும்,
கை போனால் கடைவாய்ப் பல்லின் கதி என்ன,
நீயே சொல்லு பிள்ளை.

முதல் மாதம் எனக்கு அது இசையாகவே படவில்லை.
நாதஸ்வரம் மாதிரி ஆளை எழுப்பி நிறுத்தாது,
உடுக்கு மாதிரி உச்சியில் ஏறாது,
கலியாண வீட்டுக்கும் உதவாது, செத்த வீட்டுக்கும் உதவாது.
ஈரச் சீலையை இரண்டு பேர் ஆளுக்கொரு தலைப்பில் பிடித்து
உதறாமல் மடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.
சீனி கூடிப்போன தேத்தண்ணி, என்றேன் வீட்டில்.

பிறகு ஒருநாள் கரண்ட் போய் அது நின்றபோதுதான்
வாங்கில் இருந்த ஏழு பேரும்
எவ்வளவு பயந்துகொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது.

வாயைத் திறந்தபடி படுத்திருக்கிறவரோடு
வேறு எது பேசும்?
பதில் கேட்காததுதான் பேசவேண்டும்.

சோதனைச்சாவடிக் காலத்தில்
டொக்டரின் சட்டைப் பையில் இருந்து அதை எடுத்து
என்ன பேச்சு இதில், என்று கேட்டார்கள்.
போட்டும் பார்த்தார்கள்.
பேச்சு வருமென்று ஒரு சிப்பாய்
முழுப் பக்கத்தையும் கேட்டான்.
மழை வேறு. திருப்பித் தரும்போது
மூடியைத் துடைத்துத் தந்தான்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது உருப்படி,
நடுவில் நாடா இழுபட்ட இடம் ஒன்று இருக்கிறது.
வயலின்கள் எல்லாம் ஒருசேரச் சறுக்கி
அரைப்படி கீழே போய்
ஆரும் பார்க்கவில்லையே என்று மேலே வரும்.
பல் நொந்த ஊர் முழுக்க அதை அறியும்.
மூதூர் லோஞ்சில் வருகிற சலாகுத்தீன் முதலாளி
அந்த இடத்தில் புருவம் தூக்குவார்.
கடற்படைச் சமையல்காரர் விஜேகோனுக்குத் தமிழ் வராது,
என் சிங்களம் ‘துப்புங்கள்’ என்பதோடு சரி.
கன்னம் வீங்கியபடி அவர் ஒருநாள்
கதிரைக் கையில் விரலால்
அந்தச் சறுக்கலை வரைந்து காட்டினார்.
நான் தலையாட்டினேன்.
அதைவிட நீளமாக நாங்கள் எதையும் பேசவில்லை.

போன கிழமை மகன் சஞ்சுதன்
அதே உருப்படியைப் போனில் தேடித் தந்தான்,
தூசி இல்லை, இரைச்சல் இல்லை.
அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன்.
சறுக்காமல் போய்விட்டது.
இன்னும் ஒரு படி இருக்கென்று நம்பி
தரையில் கால் வைத்த மாதிரி
உடம்பு ஒருதரம் தூக்கிப்போட்டது.

இன்று கசெற் பெட்டி திறக்க மறுத்தது.
போனை மேசையில் வைத்தோம், தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்தில்.
கதிரையில் கிண்ணியா நஸீலா ரீச்சர்,
உதடு மரத்து, பஞ்சைக் கடித்தபடி.
அந்த இடம் வந்தது.
அறுபது வயலினும் நேராக நடந்துபோயின.
ரீச்சர் மட்டும் சறுக்கினார், மூக்கால்,
அரைப்படி கீழே.

டொக்டரின் கை நின்றது.
ஒரு வார்த்தைகூட இல்லை,
ஆனாலும் போய்விட்டது கை.

துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று ஊதியது,
சுருதிக்குக் கிட்டவும் இல்லை.
கொப்பளியுங்கோ ரீச்சர், என்றேன்,
அடுத்த துண்டில் ஆரின் பெயர் என்று பார்த்துக்கொண்டு.